இடப்பற்றாக்குறை

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, கணக்கு, ஒன்பதாம் எண் அறை, முப்பத்திரண்டு பிள்ளைகள். கடைசிப் பெஞ்சு வரைக்கும் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நடப்பதற்குள் பூங்கோதை டீச்சருக்கு அந்த வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. இடப்பற்றாக்குறை. காலையில் எழுந்ததிலிருந்து இதே பாடுதான். பல் தேய்க்கும்போது வந்தது, புடவைக்கு மடிப்பு எடுக்கும்போது வந்தது, ஒன்பதரை மணிக்குத் தாளாளர் மேசையில் அந்த ஆறு பக்கத்தை வைத்து, பறக்காமல் இருக்க மேலே கண்ணாடிக் குண்டையும் வைத்துவிட்டு வெளியே வந்தபோது வந்தது. நடுவில் ப் போட வேண்டுமா, போட்டேனா, தமிழய்யா பார்த்தால் ஏதாவது சொல்வாரா. போட்டுத்தான் இருக்கிறது. அடச்சீ, ஒற்றுப்பிழையா இப்போது பெரிது? ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் பவள விழா. எழுபத்தைந்து வருஷம். பந்தல் போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போயாகிவிட்டது. விழா மலரில் முதல் கட்டுரை, பள்ளி வரலாறு. எழுதியவர், இருபத்தொன்பது வருஷமாக இங்கே வரலாறு நடத்துகிற பூங்கோதை டீச்சர். வேறு யார் எழுதுவார்கள், அவள்தானே எழுத வேண்டும். "உக்காருங்க, எழுதுங்க, பக்கத்துல பாக்காதீங்க" என்றாள் சத்தமாக. யாரும் பக்கத்தில் பார்க்கவில்லை. இன்னும் யாரும் பேனாவையே திறக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தலையை நிமிர்த்தி, டீச்சர் எதற்குக் கத்தினாள் என்று பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டது.

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சை அடைக்கிறது. அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் தாளாளர் ராஜரத்தினம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, "டீச்சர், மலர்ல ஸ்கூல் ஹிஸ்டரி நீங்கதான் எழுதணும், அழகா எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். இதை விடு, அதை மறை என்று ஒரு வார்த்தை இல்லை. சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்து, "ஸ்டோர் ரூம் பீரோல தாத்தா காலத்துப் புஸ்தகமெல்லாம் கெடக்கு, வேணுங்கறதை எடுத்துப் பாருங்க" என்றார். சாவியையே கொடுத்துவிட்ட மனிதரை என்ன குற்றம் சொல்வது? கரையான் அரித்த அட்டைக்குள் கமிட்டியின் தீர்மானப் புத்தகம் இருந்தது. மை பழுப்பாகிப்போன கையெழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, ஆடி மாசம், அக்கிராசனர் சபாநாயகம், இப்போதைய தாளாளரின் தாத்தா. கொன்றைப்பாடி போர்டு பள்ளிக்கூடத்தில் நேர்ந்துள்ள நிலைமையை முன்னிட்டும், நம் குழந்தைகளின் ஆசாரத்துக்கு ஊனம் வராதிருக்கும் பொருட்டும், ரைஸ் மில் குடோனில் நமக்கென்று ஒரு வித்தியாசாலை உடனே ஆரம்பிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நேர்ந்துள்ள நிலைமை. என்ன நிலைமை என்று அவர்களும் எழுதவில்லை. கை கூசியிருக்கும். இல்லை, கூசாது, எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று விட்டிருப்பார்கள். அவள் அந்த இருட்டு அறையில், தூசியில் தும்மிக்கொண்டு, அந்த வரியை நாலைந்து தரம் படித்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்தாள். மறுநாள் உட்கார்ந்து தன் கையால், யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், 'அந்நாளில் போர்டு பள்ளியில் நிலவிய கடும் இடப்பற்றாக்குறையைக் கண்டு மனம் வருந்திய பெரியவர் சபாநாயகம் அவர்கள்' என்று எழுதினாள். மனம் வருந்திய. அதையும் அவள்தான் சேர்த்தாள்.

இடம் இல்லையா அங்கே? அம்மா கேட்டால் சிரிப்பாள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் மின்சாரம் போன சாயங்காலங்களில் அம்மா, தான் பிறந்த இந்த ஊரின் கதையைத்தான் சொல்வாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, ஏதோ சினிமாக் கதை மாதிரி. சுதந்திரம் வந்து ஒரு வருஷம். அதுவரைக்கும் சேரிப் பிள்ளைகளுக்கு வாய்க்காலுக்கு அந்தண்டை ஒரு கீற்றுக் கொட்டகை, வாத்தியார் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் இல்லை. ஜில்லா போர்டிலிருந்து உத்தரவு வந்தது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று. தாத்தா அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். மொத்தம் ஐந்து பிள்ளைகள் போனார்கள். அம்மாவுக்கு எட்டு வயசு, பெயர் காசியம்மாள், மூன்றாம் வகுப்பு. முதல் நாள் சுவரோரம் உட்கார்த்தினார்கள். இரண்டாம் நாள் போனால் பள்ளிக்கூடமே காலி. ஓட்டுக் கட்டடம், நீளக் கூடம், வரிசையாகப் பெஞ்சு, ஒரு பிள்ளை கிடையாது. ஒரே ஒரு வாத்தியார் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், யாராவது வருவார்களா என்று. "எங்களுக்கா, கொண்டாட்டம். ஆளுக்குப் பத்துப் பெஞ்சு. இன்னிக்கி இந்தப் பெஞ்சு, நாளைக்கி அந்தப் பெஞ்சு. அஞ்சு பேரும் அஞ்சு மூலையில போயி உக்காந்துக்குவோம், வாத்தியாரு கத்திக் கத்தித்தான் பாடம் சொல்லணும்." இந்த இடத்தில் அம்மா சிரிப்பாள், பூங்கோதையும் தம்பியும் சிரிப்பார்கள். "எட்டு நாள் கழிச்சுத்தாண்டி எனக்கு வெளங்குச்சி, எதுக்கு யாரும் வரலைன்னு. அன்னியிலேருந்து ஒரே பெஞ்சுலதான் நெருக்கி உக்காந்தோம் அஞ்சு பேரும்." நாலு மாசம் நடந்தது. அதற்குள் மில் குடோனில் மேலத்தெருப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. தாத்தாவுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கடையில் உப்பு கொடுக்கவில்லை. தை மாசம் குடும்பத்தோடு ரயிலேறி கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டார்கள். அம்மாவின் படிப்பு அதோடு சரி. ஆளுக்குப் பத்துப் பெஞ்சு. இடப்பற்றாக்குறை. கடும்.

"மிஸ், எட்டாவது கேள்வில ஆரம் குடுக்கவே இல்ல." நடுவரிசைப் பையன். ஆரம். அவள் அவன் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள், வட்டம் ஒன்று, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு, எழுத்துக்கள் கண்ணில் பட்டன, உள்ளே இறங்கவில்லை. "குடுத்ததை வெச்சுப் போடு" என்றாள். பையன் திருதிருவென்று விழித்தான். இவள் குடுத்ததை வைத்துத்தானே போட்டாள் இத்தனை காலமும்? யாரிடம் பொய் சொன்னாள்? தொண்ணூற்று நாலில் அவள் கணவருக்குப் பக்கத்து டவுன் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மாற்றல் ஆனது. பி.எட். முடித்தவளுக்கு வேலை காலி இருந்தது இந்த ஒரு பள்ளிக்கூடத்தில்தான். அம்மாவிடம் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்ககூட உக்கார மாட்டேன்னு ஓடுனவங்க பேரப் புள்ளைங்களுக்கு நீ பாடம் சொல்லிக் குடுக்கப் போறியா? போடி போ, போயி நல்லா அழுத்தமா சொல்லிக் குடு." நேர்முகத்தில் அப்போதைய தாளாளர், இவருடைய அப்பா, எல்லாரும் அய்யா என்று சொல்வார்கள், அவர் கேட்டார், எந்த ஊரும்மா? நெய்வேலி. நெய்வேலி ஊரா என்ன, அது டவுன்ஷிப்பாச்சே. ஆமாங்கய்யா, அப்பாவுக்குச் சுரங்கத்துல வேலை. அவ்வளவோடு விட்டுவிட்டார். எல்லாம் உண்மை, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்ந்த மூன்றாம் வாரம் ஓய்வறையில் சயின்ஸ் டீச்சர் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள், "நீங்க யாரு, எங்க ஆளுங்களா?" அப்போதுதான். அந்த ஒரு நொடிதான். வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் சிரித்தாள். "அப்படித்தான்னு வெச்சுக்குங்களேன்." சயின்ஸ் டீச்சரும் சிரித்து அவள் தட்டில் ஒரு மாவடுவை வைத்தாள். மேலத்தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியே இல்லாமல் போயிற்று. கணவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "கேட்டா சொல்லுவோம், கேக்காதவங்ககிட்ட எதுக்கு" என்றார். கேட்டாகிவிட்டது என்று அவள் அவரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எல்லாமே அந்த ஒரு வாய்ச் சோற்றின் மேல் கட்டியதுதான். தம்பி கல்யாணப் பத்திரிகையை ஓய்வறையில் யாருக்கும் கொடுக்கவில்லை. காலனியிலிருந்து பிள்ளைகள் இந்தப் பள்ளியில் சேர ஆரம்பித்தபோது, இப்போதெல்லாம் கட்டணம் கட்டினால் யாரும் படிக்கலாம், அந்தப் போர்டு பள்ளிக்கூடம்தான் பத்தொன்பது பிள்ளைகளோடு செத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பிள்ளைகளிடம் அவள் மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்தாள். யாராவது கவனித்துவிடுவார்களோ என்று. ஒரு பெண் அழுதுகொண்டு போனதுகூட ஞாபகம் இருக்கிறது, எதற்கு அடித்தாள் என்பதுதான் ஞாபகம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கணவர் செத்துப்போனது காலை ஏழு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குள் வேன் வைத்து அவர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள். இங்கே வைத்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள், பறை வரும், ஒப்பாரி வரும், மேலத்தெருவில் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள், முகம் பார்ப்பார்கள், பேச்சைக் கேட்பார்கள். "அவருக்குச் சொந்த ஊர்லதான் எடுக்கணும்னு ஆசை" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவருக்கு அப்படி ஓர் ஆசையும் இருந்ததில்லை. வேனில் ஐஸ் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஊர் எல்லை தாண்டியதும்தான் அழுதாள். அழுகைகூட அதுவரைக்கும் காத்திருந்தது, நல்ல பழக்கமான அழுகை. அம்மா இங்கே வந்ததே இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தரம்கூட. "ஒருவாட்டி கூட்டிக்கிட்டுப் போயேண்டி, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டு வந்துடறேன்." வருஷத்துக்கு ரெண்டு தரமாவது கேட்பாள். பரீட்சை நேரம்மா, வெயிலும்மா, வீடு சின்னதும்மா, அவருக்கு உடம்பு சரியில்லம்மா, கொரோனாம்மா. இன்று காலை ஏழு மணிக்கும் போன். "மே மாசத்தோட உனக்கு வேலை முடியுதில்ல, அதுக்குள்ளயாவது கூட்டிக்கிட்டுப் போ. அப்புறம் நீயே அங்க இருக்க மாட்டே." முழங்கால் வலியோடு எப்படிம்மா பஸ் ஏறுவே என்றாள். அம்மா, சரி, நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு என்று வைத்துவிட்டாள். எண்பத்து மூன்று வயது. இன்னும் எத்தனை தரம் கேட்பாள்?

அரை மணிக்கொரு தரம் அடிக்கிற மணி மூன்றாவது முறை அடித்தது. பதினொன்றரை. இந்நேரம் தாளாளர் படித்துக்கொண்டிருப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் பிடித்துத்தான் படிப்பார். முதல் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்வாரா? ஏன் டீச்சர், தீர்மானப் புத்தகத்துல இப்படி இல்லையே என்று கேட்டால்? கேட்டால் என்ன சொல்வது? உங்கள் தாத்தாவின் மானத்தைக் காப்பாற்றினேன் என்றா? அவரே கேட்டுவிட்டால் நல்லது. கேட்கட்டும். ஐயோ, கேட்கக் கூடாது. கேட்டால் இவளுக்கு எதற்கு இவ்வளவு கரிசனம் என்று யோசிப்பார். யோசித்தால் எங்கே போய் நிற்கும்? இரண்டு வரிசைக்கு நடுவில் நடந்தாள். கிராஃப் தாள் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கடைசிப் பெஞ்சில் காலனிப் பெண், பெயர் நிரஞ்சனா, அளவுகோலை அழுத்திப் பிடித்து நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு கோடு போட்டது. மலர் அச்சானதும் இந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். இது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கும். இடம் இல்லாததால் ஆரம்பித்த பள்ளிக்கூடம் என்று படிக்கும். பூங்கோதை டீச்சர் எழுதியிருக்காங்க, சரியாத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளும். அதோடு முடிந்தது. எழுதியது வரலாறாகிவிடும், நடந்தது அம்மாவோடு எரிந்துவிடும். வேண்டாம், வேண்டாம், அம்மா சாவதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். ஓடிப்போய் அந்த ஆறு பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா? பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது. நல்ல சாக்கு. எப்போதும் ஒரு நல்ல சாக்கு. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

பன்னிரண்டரை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. தாளாளர். கையில் அந்தத் தாள்கள். உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்று, "தொந்தரவு பண்றேனா டீச்சர்?" என்றார். அவள் ஒரு கண்ணைப் பிள்ளைகள்மேல் வைத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள்.

"படிச்சேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்த ஆரம்பத்தை எப்படிச் சொல்லுவீங்களோன்னுதான் எனக்கு யோசனையா இருந்துச்சு. இடப்பற்றாக்குறை! எங்க யாருக்கும் இந்த வார்த்தை தோணியிருக்காது."

"சரிங்க சார்."

"வேற யாராவது எழுதியிருந்தா நாளைக்கு ஒருத்தன் கேப்பான், ஏன் இப்படி மூடி மறைக்கறீங்கன்னு. நீங்களே எழுதிட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது பாருங்க."

"நான் எழுதினா மட்டும் என்ன சார்?"

அவர் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நானா இதைப் பேசினதில்ல டீச்சர். இனிமேயும் பேச மாட்டேன். உங்க அம்மா வந்தாங்களே, அன்னிக்கு நானும் ஆபீஸ்லதான் இருந்தேன்."

"எங்க அம்மாவா? அவங்க இங்க வந்ததே இல்லயே சார்."

தாளாளர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தொண்ணூத்தெட்டுல. மழை விட்டிருந்துச்சு. கையில ஒயர்கூடை. கேட்டுல வாட்ச்மேன்கிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்காங்க, அவன் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். அப்பா உக்காரச் சொன்னாரு. 'பூங்கோதை எம் பொண்ணுங்க. நானும் இந்த ஊர்தான், போர்டு ஸ்கூல்ல மூணாவது படிச்சேன், நாப்பத்தெட்டுல'ன்னு சந்தோசமா சொன்னாங்க. நாப்பத்தெட்டுன்னா அப்பாவுக்குத் தெரியாதா? அவரு அப்ப அங்க நாலாவது. எங்க தாத்தா அங்கேருந்து கூட்டிக்கிட்டு வந்துட்டாரே, அந்தப் புள்ளைங்கள்ல அவரும் ஒருத்தர்தானே."

"அய்யா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உங்க அம்மா அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அவங்களே எந்திரிச்சிட்டாங்க. 'நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாங்க, பயந்துக்குவா'ன்னாங்க. அப்படியே போயிட்டாங்க." தாளாளர் தொண்டையைச் செருமினார். "அப்பா அன்னிக்கு எங்கிட்ட சொன்னதுதான் டீச்சர். நல்லா நடத்தறாங்க, இருந்துட்டுப் போகட்டும், வெளிய தெரிய வேண்டாம்னாரு. நாங்களும் அப்படியே விட்டுட்டோம். ஹெச்.எம். போஸ்ட் ரெண்டு தடவை வந்தப்ப உங்களுக்குக் குடுக்க முடியாமப் போனதுகூட, நாளைக்கு ஒரு பேச்சு கிளம்பிடக் கூடாதுன்னுதான். உங்க நல்லதுக்காகவும்தான். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது." தாள்களை நீட்டினார். "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. ஒண்ணரைக்கு அச்சாபீஸ்ல இருந்து ஆள் வருது."

அவர் போய்விட்டார். செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கப் போய்ப் படி இறங்கியது. பூங்கோதை டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயந்துக்குவா. கேட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து கேட். அம்மா தனியாக வந்திருக்கிறாள். நெய்வேலியிலிருந்து ரெண்டு பஸ் மாறி, ஒயர்கூடையில் ஏதோ பண்டம் செய்து எடுத்துக்கொண்டு. முறுக்காக இருக்கும். அதை என்ன செய்தாள்? திரும்ப எடுத்துக்கொண்டு போனாளா, பஸ்ஸில் யாருக்காவது கொடுத்தாளா? அன்றைக்கு நான் எந்த வகுப்பில் இருந்தேன், எந்தப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், என் குரல் ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும், எனக்குத்தான் பெரிய குரலாயிற்றே, அம்மா வராந்தாவில் நின்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டுப் போயிருப்பாள். அதற்கப்புறமும் வருஷத்துக்கு ரெண்டு தரம், கூட்டிக்கிட்டுப் போயேண்டி, கூட்டிக்கிட்டுப் போயேண்டி. வழி தெரியாமலா கேட்டாள்? பள்ளிக்கூடத்தைப் பார்க்கவா கேட்டாள்? எல்லாம் பார்த்துவிட்டாளே. நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், மேலத்தெரு வழியாக, பகலில், கையைப் பிடித்து, இது எங்க அம்மா என்று. அதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் முழங்கால் வலியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இவர்களுக்கும் தெரியும். வாடகை வீட்டு ஓனருக்கும் தெரிந்திருக்கும், சயின்ஸ் டீச்சருக்கும் தெரிந்திருக்கும், இருந்துட்டுப் போகட்டும், இருந்துட்டுப் போகட்டும். யாரிடமிருந்து ஒளிந்தேன்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை, செத்துப்போன மனுஷனை, அவசர அவசரமாக வேனில் ஏற்றினேனே. அன்றைக்கும் தெரியும் இவர்களுக்கு. மாலை போட்டுவிட்டு, ஏன் டீச்சர் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டுவிட்டு, பதிலையும் கேட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்தப் பெண்ணை எதற்கு அடித்தேன்? கதவு நிலையை விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். முப்பத்திரண்டு பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"மிஸ், டைம் என்ன?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ரெண்டும் தெரிந்தன. எவ்வளவு என்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பத்து நிமிஷம் இருக்கு. பேரு, நம்பரெல்லாம் சரியா எழுதியிருக்கீங்களான்னு பாருங்க."

மணி அடித்தது. விடைத்தாள்களைக் கட்டுவதற்கு நூல் கொடுத்தாள். வரிசையாக வாங்கினாள், முப்பத்திரண்டும் இருந்தன. நிரஞ்சனா கடைசியாக வந்து கொடுத்துவிட்டு, "மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. ஒன்றுமில்லை, போ, தண்ணி குடிச்சுட்டுப் போ என்றாள். அந்தப் பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அறை காலியானது. பெஞ்சுகள்மேல் ரப்பர்த் துகள். அவள் முதல் பெஞ்சில், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, கைப்பையில் அணைத்து வைத்திருந்த போனை எடுத்து உயிர்ப்பித்தாள். தம்பி மனைவி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"என்னடி, பள்ளிக்கூட நேரத்துல? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா." நீ வந்தியாமே என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். "அந்தப் போர்டு ஸ்கூல்ல உங்கூட நாலு பேரு சேந்தாங்கல்ல, அவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் தூரத்தில் டி.வி. ஓடியது. "எதுக்கு?"

"எழுதணும். பள்ளிக்கூட மலர்ல."

"எந்தப் பள்ளிக்கூடத்து மலர்ல?"

"இங்கதான். எங்க பள்ளிக்கூடத்து மலர்ல."

"உனக்கு யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அவங்க போட மாட்டாங்கடி."

"போடாட்டிப் போறாங்க. நான் வேற எழுதி வெச்சிருந்தேம்மா. தப்பா எழுதி வெச்சிருந்தேன். அதுல கையெழுத்துப் போட மாட்டேன். இதை எழுதித்தான் குடுக்கப் போறேன்."

"வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே? பென்ஷனும் இல்லாத வேலை. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவ?"

"தெரியல."

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தாம்மா இருக்கு." குரல் உடைந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "நீ சொல்லு. நான் எழுதிக்கறேன்."

எதையோ நகர்த்துகிற சத்தம், அம்மா கட்டிலிலிருந்து எழுந்து உட்காருகிறாள் போலிருந்தது. டி.வி.யை நிறுத்தச் சொல்லி மருமகளிடம் சொன்னாள். டி.வி. நின்றது. ஒரு தரம் கனைத்துக்கொண்டாள். பூங்கோதை ஆறு பக்கத்தில் முதல் பக்கத்தை எடுத்து, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள், பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அப்படியே தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தைப் பெஞ்சின்மேல் நீவி வைத்தாள்.

"பேரு மட்டும் போதுமா," என்று கேட்டாள் அம்மா, "அப்பன் பேரும் சொல்லணுமா?"